குடித்த தண்ணீர் எங்கே போகும்?

நீளமான பதிவு. டீயைப் போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள். "டீச்சர் ரிடையர் ஆகியும் நமக்கு ஹோம் ஒர்க் கொடுக்கிறாங்க" என்று ரெண்டு பேர் சொல்வீர்கள். யார் யார் என்று எனக்கே தெரியும்.

2025-இல் நம் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் 'தண்ணீர் மணி' என்று ஒன்று கொண்டுவந்தார்கள். கேரளாவில் 2019-லேயே வந்துவிட்டது. பாடவேளைக்கு நடுவே மணி அடிக்கும். பிள்ளைகள் உட்கார்ந்த இடத்திலேயே பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடிக்க வேண்டும். நல்ல திட்டம். நம் ஊர் வெயிலுக்கு ரொம்பவே அவசியம். யோசித்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

ஆனால் ஒரு சந்தேகம். குடித்த தண்ணீர் எங்கே போகும்?

சிரிக்காதீர்கள். என் தம்பி பேத்தி ஆறாம் வகுப்பு படிக்கிறாள், இந்தப் பக்கத்திலேயே ஒரு தனியார் பள்ளியில். பள்ளியின் பேர் வேண்டாம். காலையில் நிரப்பிக் கொடுக்கும் ஒரு லிட்டர் பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வருகிறது. கேட்டால் "தாகமே எடுக்கலை பாட்டி" என்கிறாள். பிறகு நீர்க்கடுப்பு, காய்ச்சல், டாக்டர், மருந்து. டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே "ஸ்கூல்ல பாத்ரூம் போறியாம்மா?" என்பதுதான். இவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான்கு நாள் கழித்து, தோசை சாப்பிட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். வகுப்பு நேரத்தில் போகக் கூடாது. ரொம்ப அவசரம் என்றால் மிஸ் மேஜை மேல் இருக்கும் கட்டை ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். அது ஒரு வகுப்புக்கு ஒன்றுதான். அதையும் இங்கிலீஷில் கேட்டால்தான் தருவார்கள். இரண்டு தடவை மாட்டிக்கொண்டு போனால் டைரியில் எழுதி அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வரச் சொல்வார்கள்.

பதினோரு வயதுப் பெண் பிள்ளை. "இவள் இன்று இரண்டு முறை சிறுநீர் கழித்தாள்" என்பதற்கு அப்பாவிடம் கையெழுத்து! அவள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். அவள் இடத்தில் யாராக இருந்தாலும் நிறுத்தியிருப்போம்.

இந்த விதியை யார் போட்டது என்று அவள் அப்பா போய்க் கேட்டான். மிஸ்ஸைக் கேட்டால் கோ-ஆர்டினேட்டர், கோ-ஆர்டினேட்டரைக் கேட்டால் மேனேஜ்மென்ட், மேனேஜ்மென்டைக் கேட்டால் "பல வருஷமா இப்படித்தான் சார்". எழுத்தில் எங்கேயும் இல்லை. கோபம் தாங்காமல்தான் இதை எழுதுகிறேன். ஒரு பள்ளியைப் பற்றி மட்டும் இல்லை. அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, மெட்ரிகுலேஷன், சி.பி.எஸ்.இ. என்று பேதமில்லாமல் நம் பள்ளிக்கூடங்கள் ஒற்றுமையாகக் கடைப்பிடிக்கும் விதி இது ஒன்றுதான்.

இப்போது ஒரு கணக்கு. மூன்றாம் வகுப்புக் கணக்குதான், பயப்படாதீர்கள். ஒரு பள்ளியில் 400 பெண் பிள்ளைகள். 40 பேருக்கு ஒரு கழிப்பறை என்பது தூய்மைப் பள்ளித் திட்டத்தில் சொல்லியிருக்கும் அளவு. அப்படியே 10 கழிப்பறை கட்டிவிட்டார்கள், பத்தும் வேலை செய்கிறது, பத்திலும் தாழ்ப்பாள் இருக்கிறது, தண்ணீர் வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். (வைத்துக்கொள்வதற்கு என்ன, காசா பணமா.) இன்டர்வெல் பத்து நிமிஷம். ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தில் எத்தனை பேர் போய் வர முடியும்? ஐம்பது பேர். மிச்சம் 350 பேர் என்ன செய்வார்கள்?

அந்த 350 பேர் அடுத்த பீரியடில் கை தூக்குகிறார்கள். "இன்டர்வெல்ல என்ன பண்ணிட்டிருந்தே?" என்று நாம் கேட்கிறோம். இன்டர்வெல்லில் அது வரிசையில் நின்றுகொண்டிருந்தது, அம்மா. வேறென்ன பண்ணும்.

நான் சொல்ல வருவது இதுதான். பள்ளிக்கூடம் செய்யவேண்டிய ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கழிப்பறை போதவில்லை, கழுவ ஆள் இல்லை, அதற்குப் பணம் ஒதுக்கவில்லை. அந்தக் குறையைச் சரிசெய்வதற்குப் பதில் ஒரு விதி போடுகிறோம். விதி போட்டதும் என்ன ஆகிறது? பள்ளியின் குறை மறைந்துபோய் அது பிள்ளையின் ஒழுங்கீனமாக மாறிவிடுகிறது. முட்டாள்தனமான பள்ளி விதி எதை எடுத்துப் பார்த்தாலும் அடியில் பெரியவர்கள் செய்யாமல் விட்ட ஒரு வேலை இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று சிலருக்குத் தோன்றும். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17: எந்தக் குழந்தைக்கும் உடல் ரீதியான தண்டனையோ மன ரீதியான துன்புறுத்தலோ கூடாது, மீறினால் துறை நடவடிக்கை. அதே சட்டத்தின் அட்டவணையில் ஆண், பெண் இருவருக்கும் தனித்தனிக் கழிப்பறையும் குடிநீரும் இருந்தே ஆகவேண்டும் என்று இருக்கிறது. 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆறே மாதத்தில் எல்லாப் பள்ளியிலும் இவை வேண்டும் என்று உத்தரவு போட்டது. ஆக, கழிப்பறை கட்டவேண்டும் என்பதற்குச் சட்டம் இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது. கழிப்பறைக்குப் போகக் கூடாது என்பதற்கு? ஒரு காகிதம்கூடக் கிடையாது. காகிதத்தில் இருப்பதை நடத்துவதில்லை, இல்லாததைக் கண்ணும் கருத்துமாக நடத்துகிறோம்.

பிள்ளைக்கு இது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். என்னிடம் படித்தவன் ஒருவன், இப்போது நம் திருமுடிவாக்கம் சிட்கோ எஸ்டேட்டில் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறான். நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறான். போன தை மாதம் குன்றத்தூர் மலையடிவாரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பார்த்தேன். என்னிடம் வருவதற்கு முன்னால் மூன்றாம் வகுப்பில், வேறொரு பள்ளியில், சுண்டுவிரலைக் காட்டிக் காட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே போய்விட்டானாம். பலகை நனைந்து கீழே ஒழுகியிருக்கிறது. ஐந்தாம் வகுப்பு முடியும்வரை அவனுக்கு ஒரு பட்டப்பெயர். அதை நான் இங்கே எழுத மாட்டேன். "டீச்சர், இன்னைக்கும் பஸ் ஏறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ போயிட்டுத்தான் ஏறுவேன். வந்தாலும் வரலைன்னாலும்" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பக்கத்தில் நின்ற அவன் பெண்டாட்டிக்கே அது புதுச் செய்தி. நாற்பதைத் தாண்டியவன். மூன்றாம் வகுப்பில் அவனுக்கு என்ன பாடம் நடந்தது என்று கேட்டால் ஒன்றும் நினைவில்லை. இது மட்டும் இருக்கிறது.

அந்தச் சுண்டுவிரலைப் பற்றி ஒன்று. எனக்குத் தெரிந்து நம் பள்ளிக்கூடங்களில் மொழி தேவைப்படாத ஒரே விண்ணப்பம் அதுதான். சிட்கோ வந்தபின் இங்கே ஒடிசா, பீகார் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு முதல் மாதம் தமிழும் வராது, இங்கிலீஷும் வராது. விரலைக் காட்டும், நமக்குப் புரியும். இப்போது அதையும் பறித்துக்கொண்டு "மே ஐ கோ டு தி ரெஸ்ட்ரூம்" என்று முழுதாகச் சொன்னால்தான் அனுமதி என்கிறார்கள். இங்கிலீஷ் கற்றுக்கொடுக்க எட்டு பீரியட் இருக்கிறதே, அது போதாதா? மூத்திரப்பையைப் பிணை வைத்துத்தான் கற்றுக்கொடுக்க வேண்டுமா? தமிழில் பேசினால் அபராதம் போடும் பள்ளிகளும் இதே வகைதான். இங்கிலீஷை ஆசையோடு பேசவைக்கும் ஆசிரியரைத் தேடி நல்ல சம்பளம் கொடுப்பது செலவு. அபராதம் வரவு.

பெண் பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுதக் கூச்சப்படும் வயதை நான் தாண்டிவிட்டேன். சொந்தக்காரர்களில் சில அண்ணன்மார் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

2025 ஏப்ரலில் கோவை மாவட்டம் கிணத்துக்கடவு அருகே செங்குட்டைப்பாளையத்தில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை வயதுக்கு வந்த சில நாளில் பரீட்சை எழுத வந்தாள். வகுப்புக்கு வெளியே வாசல்படியில் உட்காரவைத்து எழுதச் சொன்னார்கள். அம்மா எடுத்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தலைமை ஆசிரியை சஸ்பெண்ட் ஆனார், போலீஸ் வழக்கும் பதிவானது. வீட்டில் தனியாக உட்காரவைக்கச் சொல்லிக் கேட்டார்கள் என்று பள்ளித் தரப்பில் சொன்னதாகச் செய்தி வந்தது. கேட்டதாகவே இருக்கட்டும். தனியாக என்றால் ஒரு அறை, ஒரு மேஜை, ஒரு ஃபேன். வாசல்படி என்று எந்த அகராதியில் இருக்கிறது? வீட்டில் தீட்டு என்று ஒதுக்குவதைப் பள்ளிக்கூடம் உடைக்கவேண்டும். உடைக்கத் தைரியம் இல்லையென்றால் அட்லீஸ்ட் சேர்ந்து ஒதுக்காமலாவது இருக்கவேண்டும்.

கொலுசு ஞாபகம் இருக்கிறதா? 2018-இல் அன்றைய பள்ளிக் கல்வி அமைச்சர் செங்கோட்டையன், மாணவிகள் கொலுசு அணிந்து வந்தால் மாணவர்களின் கவனம் சிதறும் என்றார். விலை உயர்ந்த வெள்ளிப் பொருள் தொலைந்துபோகும், வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நானே கை தட்டியிருப்பேன். அது ஒரு காரணம், எந்தப் பிள்ளையிடமும் முகத்துக்கு நேரே சொல்லலாம். பையன் கவனம் சிதறுகிறது என்றால் பையனிடம் அல்லவா பேசவேண்டும்? அது கஷ்டமான வேலை. பெண் பிள்ளையின் காலைப் பார்த்துக் கழற்றச் சொல்வது சுலபம். ரிப்பன் இல்லாத சடை, மடித்துக் கட்டாத சடை, தலையில் ஒரு முழம் கனகாம்பரம், எல்லாம் இதே கதை. என்ன காரணம் என்று கேட்டால் ஒருவராலும் வாய் திறந்து சொல்ல முடியாது.

எல்லா விதியும் தப்பு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனையும் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அரசு நியமித்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் சாதிக் கயிறு, நெற்றிப் பொட்டு, மோதிரம் இவற்றுக்குத் தடை வேண்டும் என்றது. நான் முழு ஆதரவு. அந்தக் கயிறு எதற்கு என்று கட்டியவனுக்கும் தெரியும், பார்ப்பவனுக்கும் தெரியும். ஏன் கூடாது என்று பிள்ளையை உட்காரவைத்து அரைமணி நேரம் பேசலாம், பேசவும் வேண்டும். ஆனால் அதே அறிக்கையில் பெரியவர்களுக்கும் வேலை சொல்லியிருக்கிறார்கள். ஒரு பகுதியில் பெரும்பான்மையாக இருக்கும் சாதியைச் சேர்ந்தவரை அங்கேயே தலைமை ஆசிரியராக, கல்வி அதிகாரியாகப் போடாதீர்கள் என்பது அதில் ஒன்று. அதைச் செய்யாமல் கயிற்றை மட்டும் கத்தரித்துக்கொண்டிருந்தால், பழையபடி பெரியவர்கள் தப்பித்தார்கள், பிள்ளையின் மணிக்கட்டு மாட்டிக்கொண்டது.

சரி, என் மாணவர்களிலேயே ஆசிரியராக இருப்பவர்கள் பதினைந்து பேராவது இதைப் படிப்பீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டிருப்பீர்கள். "டீச்சர், நீங்க ரிடையர் ஆயிட்டீங்க. இப்ப கிளாஸ்ல வந்து நின்னு பாருங்க. ஒருத்தனை விட்டா பத்துப் பேர் கிளம்புவான். வெளியே போய் ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

நியாயமான கேள்வி. கடைசிப் பகுதியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பள்ளிக் காம்பவுண்டுக்குள் ஒரு பிள்ளை கழிப்பறைவரை தனியாக நடந்துபோவது ஆபத்து என்றால், அந்தப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்ததே ஆபத்து. கழிப்பறைப் பக்கம் ஒரு ஆயாவைப் போடுங்கள். கேமராவுக்கும் ஆண்டுவிழா சீரியல் லைட்டுக்கும் பணம் இருக்கும்போது ஆயாவுக்கு இல்லையா?

பத்துப் பேர் கிளம்புவான் என்பது உண்மைதான். என் வகுப்பில் கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி, அதில் ஒரு அட்டை. ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு. போகிறவர் என்னைக் கேட்கவேண்டாம், சிவப்பைத் திருப்பிவிட்டுப் போகவேண்டும், வந்ததும் பச்சையாக்கவேண்டும். சிவப்பு இருந்தால் அடுத்தவர் காத்திருக்கவேண்டும். உங்களில் நிறையப் பேருக்கு அந்த அட்டை ஞாபகம் இருக்கும். முதல் வாரம் வகுப்பு சந்தைக்கடை மாதிரி இருந்தது. பக்கத்து வகுப்பு சார் வந்து "என்ன டீச்சர், ஊர்வலமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மூன்றாவது வாரத்தில் ஒரு பீரியடுக்கு ஒருவர், இருவர். எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று ஆனபின் சும்மா போவதில் என்ன சுவாரஸ்யம் இருக்கிறது? ஒருவன் மட்டும் கணக்கு பீரியடில் தவறாமல் போவான். அவனுக்குக் கணக்கு பயம். அட்டை இல்லாவிட்டால் எனக்கு அது தெரிந்திருக்காது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஆசிரியைகளே காலையில் தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள். பெண் ஆசிரியர்களுக்கு ஒரே கழிப்பறை, அதன் சாவி ஆபீஸ் ரூமில் ஆணியில் தொங்கும், ஹெச்.எம். எதிரே போய் எடுக்கவேண்டும். முப்பது வருஷம் அடக்கி அடக்கி உடம்பைக் கெடுத்துக்கொண்ட தோழிகள் எனக்கு உண்டு. நாம் பட்டதைப் பிள்ளைகளும் படட்டும் என்று யாரும் வேண்டுமென்றே நினைப்பதில்லை, தெரியும். ஆனால் நாமே கேட்காததைப் பிள்ளைகள் கேட்டால் எரிச்சல் வருகிறது.

தாமதமாக வந்தால் கேட்டைச் சாத்தும் விதியையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் அம்மாவும் அப்பாவும் எட்டு மணி ஷிஃப்ட்டுக்குப் போய்விட்டால் மூத்த பிள்ளைதான் சின்னதை அங்கன்வாடியில் விட்டுவிட்டு ஓடிவரும். பத்து நிமிஷம் தாமதம். கேட் சாத்தியாகிவிட்டது. பிரேயர் முடியும்வரை அந்தப் பிள்ளை நிற்கும் இடம் எது? கண்டெய்னரும் டிப்பரும் போகும் ரோடு. ஒழுக்கத்தை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் பிள்ளையை லாரிக்கு எதிரே நிறுத்துகிறோம். உள்ளே விட்டு, காரணத்தைக் கேட்டு, வீட்டில் பேசினால் என்ன குறைந்துவிடும்?

இப்போது உங்களுக்கு வேலை. ஹோம் ஒர்க்தான்.

அரசுப் பள்ளியில் பிள்ளை படிக்கிறது என்றால் அங்கே பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். போய் டீ, பிஸ்கட் சாப்பிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். வேலை செய்யும் கழிப்பறை எத்தனை, கழுவுகிறவருக்கு மாதச் சம்பளம் எவ்வளவு, அது ஒழுங்காகப் போகிறதா? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவையுங்கள். கூடவே "வகுப்பு நேரத்தில் கழிப்பறை செல்லத் தடை இல்லை" என்று ஒரு வரி. முன்னாள் மாணவர்கள் சேர்ந்து ஸ்மார்ட் டி.வி. வாங்கிக்கொடுப்பதை எல்லாம் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, ஒரு ஆயாவின் ஒரு வருஷச் சம்பளத்தை ஏற்றுக்கொள்ள முடியுமா பாருங்கள். கல்வெட்டில் பேர் வராது, முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

தனியார் பள்ளி என்றால் "இந்த விதியை எழுத்தில், கையெழுத்தோடு, சீல் வைத்துக் கொடுங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள். தம்பி மகன் அப்படித்தான் கேட்டான். இதுவரை கொடுக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டை மேஜையிலிருந்து காணாமல் போய்விட்டது என்று பேத்தி சொல்கிறாள். பிள்ளை வாய்விட்டுச் சொல்ல முடியாத அளவுக்கு ஏதாவது நடந்தால் 1098. பள்ளிக் கல்வித்துறை உதவி எண் 14417. இரண்டையும் போனில் பதிந்துகொள்ளுங்கள்.

இன்று ராத்திரி பிள்ளையின் பையிலிருந்து பாட்டிலை எடுத்து எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். நிறைந்திருந்தால் திட்டாதீர்கள். கீழே கமெண்டில் எவ்வளவு இருந்தது என்று மட்டும் எழுதுங்கள். முழுசு, பாதி, காலி. பள்ளி பேர் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எண்ணிப் பார்க்கிறேன்.